குல்லாக்கார அக்காக்களும் எதிர்வீட்டுக்காரியும்

நீங்கள் கேட்ட இரண்டு பக்கம் இது இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்மேல் வருத்தப்படாதீர்கள்.

டீச்சருக்கு எண்பது வயது ஆகிறது, நம் வகுப்புக்காரர்கள் சேர்ந்து விழா எடுக்கிறோம், மலர் போடுகிறோம். நல்ல காரியம். அந்த மலரில், டீச்சர் நமக்குச் சொன்ன குல்லாக்கார அக்காக்கள் கதைகளைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் முடிவு செய்தீர்கள். ஒருத்தி இதயம் போட்டாள். ஒருவர் கை கூப்பினார். "அந்தக் கதைதான் நம்ம எல்லாரையும் பழவேற்காட்டுலேர்ந்து உலகத்துக்குக் கூட்டிட்டுப் போச்சு" என்று துபாயில் இருப்பவர் எழுதினார். எல்லாரையும் என்ற அந்த வார்த்தையை நான் நாலைந்து தடவை படித்தேன்.

எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கதைகளை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வோமே என்று பட்டணத்துப் பழைய புத்தகக் கடைகளில் இரண்டு சனிக்கிழமை அலைந்தேன். அந்த வரிசையில் மூன்று புத்தகம் கிடைத்தது. அட்டையில் அதே சிவப்புக் குல்லா, அந்தப் பெண்ணின் இடுப்பில் அதே குண்டுக் குழந்தை. நாற்பத்தைந்து வருஷம் கழித்து முதல் முறையாக அவற்றை நானே படித்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. இன்னும் அடங்கவில்லை.

மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நாம் ஏழாவது படித்த வருஷம், கார்த்திகை மழை விட்டும் விடாமலும் இருந்த நாட்களில் டீச்சர் வந்து சேர்ந்தார். பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனம் வழியாக வரும் காலை பஸ்ஸில், ஒரு கையில் குடை, ஒரு கையில் பச்சையும் வெள்ளையுமாகப் பின்னிய வயர் கூடை. கூடைக்குள் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் எப்போதும் ஒரு இங்கிலீஷ் புத்தகம் இருக்கும். அவருடைய சொந்தக்காரர் யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. கடைசிப் பிரியடில் அதை விரித்து வைத்துக்கொண்டு, பக்கத்துக்குப் பக்கம் தமிழில் சொல்லுவார்.

எங்கேயோ ஒரு மலையூர். அங்கே சிவப்புக் குல்லா போட்ட நாலு பெண்கள், நம் வயதுதான். ஊரில் எந்த அம்மாவுக்கு வேலை இருந்தாலும் இவர்கள் போய்க் குழந்தையைப் பார்த்துக்கொள்வார்கள். ஒரு புத்தகத்துக்கு ஒரு வீடு, ஒரு குழந்தை, ஒரு தொல்லை. பனி பெய்கிறது என்று டீச்சர் சொன்னபோது நமக்குப் புரியவில்லை. மீன் வண்டியிலிருந்து ஐஸ் பெட்டி கவிழ்ந்த மாதிரி ஊர் முழுக்க என்றார். அதற்கப்புறம் எனக்கு அந்த மலையூரில் எப்போதும் மீன் வாடை அடித்தது.

நாம் எல்லோரும் கேட்டோம் என்று எழுதுகிறீர்களே, பின்பெஞ்சு இரண்டும் அந்த மாதங்களில் காலியாகக் கிடந்தது உங்களில் ஒருவருக்காவது நினைவிருக்கிறதா? மழைத் தண்ணீர் இறங்கி, முகத்துவாரம் திறந்து, ஏரியில் இறால் குவிகிற பருவம் அது. கம்பெனிக்காரர்கள் கரையில் ஷெட் போட்டு இறால் உரிக்க ஆள் எடுப்பார்கள். வீட்டுக்கு வீடு அம்மாக்கள் விடியும்போதே போய்விடுவார்கள். கைக்குழந்தையை யார் பார்ப்பது? பின்பெஞ்சுக்காரிகள்தான். பள்ளிக்கூடம் இறால் முடிந்த பிறகு, முடிந்தால்.

என் வீட்டில் கைக்குழந்தை இல்லை. அதனால் நான் பள்ளிக்கூடம் போனேன். எதிர்வீட்டில் ஏழு மாதத்தில் ஒரு தம்பி இருந்தான். அதனால் எதிர்வீட்டுக்காரி போகவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். அவளைவிட எனக்கு மூளை அதிகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மீன் கூடையைப் பார்த்தே எத்தனை உருப்படி என்று சொல்லுகிறவள் அவள்.

சாயங்காலம் நான் போய், அன்றைக்குக் கேட்ட கதையை அவளுக்குச் சொல்லுவேன். அவள் ஒரு காலால் தூளியை ஆட்டிக்கொண்டே கேட்பாள். அப்படி ஒருநாள் சட்டென்று காலை நிறுத்தினாள்.

"இன்னாடி சொன்னே? நாலு பேரும் மாத்தி மாத்தி பாக்கறாளுங்களா?"

"ஆமா. ஒருத்திக்குப் பரீட்சைன்னா இன்னொருத்தி போவா."

"அப்போ நம்மளும் அப்டி பாக்கலாமே. எல்லாப் புள்ளைங்களையும் ஒரே எடத்துல போட்டுக்கினா, தெனமும் ரெண்டு பேரு போறும். மிச்ச பேரு இஸ்கூலுக்குப் போயிடலாம்."

அந்த யோசனை அவளுடையது. மலரில் யாராவது அது டீச்சர் கொடுத்த யோசனை என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் பழைய ஐஸ் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. ஐஸ் உருகாமல் இருக்கப் போட்ட மரத்தூள் தரையெல்லாம் முழங்கால் அளவுக்கு இருக்கும். விழுந்தால் அடிபடாது. கைக்குழந்தைக்கு அதைவிட நல்ல இடம் ஏது? ஐஸ்காரரிடம் அவளே போய்க் கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, "சர்தான், மழ காலம் முடியற வரிக்கும் வெச்சிக்கங்கோ" என்றார். பின்பெஞ்சிலிருந்து நாலு பேர், என்னோடு ஐந்து. எட்டுக் குழந்தைகள். ஒவ்வொருத்திக்கும் வாரத்தில் இரண்டு நாள் கொட்டகை, மூன்று நாள் பள்ளிக்கூடம். அட்டவணை போட்டதும் அவள்தான், கரித்துண்டால், கொட்டகைச் சுவரில்.

குல்லாவுக்கு என் அம்மாவின் சிவப்புப் பாவாடையைக் கிழித்து ஐந்து பட்டி எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டோம். அது கிழிசல் பாவாடை என்று நான் நினைத்தேன். கிழிசல் இல்லை. அம்மா துடைப்பத்தால் நாலு போட்டாள். பட்டியைத் திருப்பிக் கொடு என்று மட்டும் கேட்கவில்லை.

ஆண்கள் கேலி செய்தார்கள். "பொட்டப் புள்ளைங்க கச்சேரி வெச்சிக்கினு கீதுங்க" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் போகும்போதெல்லாம் சொல்லுவார். அம்மாக்கள் பகலில் பால் கொடுக்க ஓடி வருவார்கள். இறால் உரித்து விரல் நுனியெல்லாம் வெந்து போயிருக்கும், படிகாரம் தேய்த்த வெள்ளைத் தடம் தெரியும். கைவாடைக்குக் குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்த அம்மாக்களின் முகம் அப்போது எப்படிப் போகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். எதிர்வீட்டுக்காரி புளித் தண்ணீர் ஒரு சட்டியில் கரைத்து வாசலில் வைத்தாள். கையை அதில் கழுவிவிட்டு உள்ளே வரவேண்டும் என்று சட்டம். அதன்பிறகு குழந்தைகள் முகம் திருப்பாமல் பால் குடித்தன.

அவளுக்குக் குழந்தைகள் விஷயத்தில் ஏதோ ஒன்று இருந்தது. அழுகையைக் கேட்டே பசியா, வயிற்று வலியா, வெறும் கோபமா என்று சொல்லிவிடுவாள். கத்துகிற குழந்தையை முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, அடிவயிற்றில் உள்ளங்கையை ஏந்தி நடப்பாள். பத்து எட்டில் அடங்கிவிடும். நான் தூக்கினால் அதே குழந்தை ஊரைக் கூட்டும். அதனால் என்னை எழுதுகிற வேலைக்கு வைத்தார்கள். யார் குழந்தை, எப்போது அழுதது, யார் தூக்கினார்கள், எதனால் நின்றது, எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். இப்போது நினைத்தால் அந்த நோட்டை ஏரியில் போட்டிருக்கலாம் என்று இருக்கிறது.

பின்பெஞ்சில் ஆட்கள் வரத் தொடங்கியதும் டீச்சர் விசாரித்தார். நான் பெருமையாக நோட்டைக் காட்டினேன். மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமல் முழுவதையும் படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் பிரேயரில் நம் எல்லோர் முன்னாலும் அதிலிருந்து படித்துக் காட்டினார். "எதிர்வீட்டுக்காரி தூக்கினாள், நின்றது. எதிர்வீட்டுக்காரி தூக்கினாள், நின்றது." பக்கத்துக்குப் பக்கம் அப்படித்தான் இருந்தது. நீங்களும் கைதட்டினீர்கள்.

அரையாண்டுப் பரீட்சையில், வாரத்துக்கு மூன்றே நாள் வந்தவள், கணக்கில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கினாள். பேப்பரைத் திருத்தியவர் டீச்சர்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, டீச்சர் எதிர்வீட்டுக்கு வந்தார். கூடவே பட்டணத்திலிருந்து அவருடைய தங்கை, தோளில் நாலு மாதக் குழந்தை. அது வந்ததிலிருந்து வீல் வீலென்று கத்தியது. தெரு முழுக்க வாசலில் நின்றோம். எதிர்வீட்டுக்காரி அதை வாங்கி முன்கையில் போட்டுக்கொண்டு வேலி வரைக்கும் போய்த் திரும்பினாள். குழந்தை தூங்கிவிட்டது. தங்கைக்காரர் அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்றைக்கும் தெரிகிறது.

டீச்சர்தான் பேசினார். "என் தங்கச்சி வேலைக்குப் போறா. குழந்தையைப் பார்த்துக்க நம்பிக்கையா ஒரு பொண்ணு வேணும். இவ அங்க வந்தா நல்ல சாப்பாடு, நல்ல துணி. பக்கத்துலேயே ஸ்கூல். ஜூன்ல நானே சேர்த்துவிடறேன். இங்க இருந்தா இவளைப் படிக்கவா விடுவீங்க?"

அவளுடைய நைனா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். "டீச்சரு சொன்னா சர்தான்" என்றார்.

அவளுடைய அம்மா ஒரே கேள்வி கேட்டார். "படிக்க வெப்பீங்கதானே டீச்சர்? கணக்கு நல்லா போடுது. அது மட்டும் போதும்."

"என் பொறுப்பு" என்றார் டீச்சர்.

அப்போது எதிர்வீட்டுக்காரி வாயைத் திறந்தாள். முகமெல்லாம் சந்தோஷம். கதையில் வருகிற மாதிரியே ஒரு வீட்டிலிருந்து தன்னைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். "டீச்சர், தெனமும் எத்தினி மணிக்கு எங்க வூட்டுக்குத் திரும்பணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரித்தார், தங்கை சிரித்தார், வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது, பட்டணம் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். நானும் சிரித்தேன். அதோடு விட்டேனா? என்னைக் கூப்பிடவில்லையே என்று அன்றைக்குச் சாப்பிடாமல் அழுதேன்.

அவள் போனபிறகு கொட்டகை இரண்டு வாரம்கூட ஓடவில்லை. குழந்தைகள் எங்கள் கையில் அடங்கவில்லை. ஒருத்தி கொட்டகை முறைக்கு வரவில்லை, அப்புறம் இன்னொருத்தி. கடைசியில் பின்பெஞ்சுக்காரிகள் மூன்று பேருமே பழையபடி தூளி ஆட்டப் போய்விட்டார்கள். அவர்கள் பெயர்கூட நம் வாட்ஸ்அப் குழுவில் இல்லை. தேடிப் பார்க்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

அடுத்த வருஷத் திருவிழாவுக்கு எதிர்வீட்டுக்காரி வந்தாள். பேன் என்று சொல்லித் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். துணி நல்ல துணிதான். "இஸ்கூல் எப்டிடி கீது?" என்று கேட்டேன். "வர்ற ஜூன்ல சேக்கறேன்னு கீறாங்க" என்றாள். அதற்கப்புறம் வந்தபோதும் அதே ஜூன்தான். அந்த வீட்டில் மூன்று குழந்தைகளை வளர்த்தாள். பிறகு டீச்சருக்கே ஒரு பெண் பிறந்தது, அங்கே போனாள். இருபது வயதில் கல்யாணம் என்று ஊருக்கு அழைத்துவந்தார்கள். டீச்சர் வந்து பட்டுப்புடவை கொடுத்து ஆசீர்வாதம் செய்தார். எல்லோரும் அந்தப் புடவையைப் பற்றிப் பேசினார்கள்.

இனிமேல் புத்தகத்துக்கு வருகிறேன், அதைத்தானே கேட்டீர்கள். மூன்று புத்தகத்திலும் முதல் அத்தியாயத்திலேயே ஒரு விஷயம் வருகிறது. குல்லாக்காரப் பெண் வெளியே கிளம்பும்போது அவளுடைய அம்மா மறிக்கிறாள். வீட்டுப்பாடம் முடித்தாயா என்று கேட்கிறாள். முடிக்காவிட்டால் விடுவதில்லை. டீச்சர் இதை நமக்குச் சொன்னதே இல்லை. எனக்கு ஞாபகசக்தி உண்டு, தபால் ஆபீசில் முப்பது வருஷமாக அதை வைத்துத்தான் பிழைக்கிறேன். சொல்லவில்லை.

இன்னொன்று. ஒரு வீட்டில் ஒரு அம்மாள் குழந்தையைப் பார்க்க வந்த பெண்ணிடம் தரையைத் துடை, பாத்திரம் கழுவு என்று வேலை ஏவுகிறாளே, அந்தக் கதை. டீச்சர் சொன்னபடி, அந்தப் பெண் முகம் சுளிக்காமல் எல்லாம் செய்கிறாள், அந்த அம்மாள் மனம் உருகி அவளைக் கட்டிக்கொள்கிறாள். நாம் எல்லோரும் உச்சுக் கொட்டினோம். புத்தகத்தில் அப்படி இல்லை. அந்தப் பெண் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வருகிறாள். மறுநாள் நாலு பேரும் சேர்ந்து போய், இனிமேல் இந்த வீட்டுக்கு எங்களில் யாரும் வரமாட்டோம் என்று அந்த அம்மாளின் முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள். முழுசாக ஒரு அத்தியாயம், பதினொரு பக்கம். டீச்சருடைய விரல் அந்தப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போனபோது நாம் எதிரில் உட்கார்ந்திருந்தோம். இங்கிலீஷ் தெரியாத பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?

நல்ல பழக்கம் வரட்டும் என்று மாற்றியிருப்பார் என்பீர்கள். இருக்கலாம். எனக்கு அவர் செய்த நன்மையை நான் மறக்கவில்லை. வேலைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததே அவர்தான். ஆனால் "மாட்டேன்" என்று சொல்லலாம் என்கிற ஒரு பக்கம் அந்தப் புத்தகத்தில் இருந்தது. அது யாருக்குத் தேவையோ அவளுக்கு அது போய்ச் சேரவில்லை. நான்தான் தினமும் கதையைக் கொண்டுபோய்க் கொடுத்தவள். குறைத்துக் கொடுத்ததை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இதற்குமேல் ஒன்று நடந்திராவிட்டால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

எதிர்வீட்டுக்காரி இப்போது ஆரம்பாக்கத்தில் இருக்கிறாள். போன மாதம் போன் செய்தாள். உதவித்தொகைக்கு வயதுக்கு அத்தாட்சி கேட்கிறார்களாம், பள்ளிக்கூடத்தில் பதிவு இருக்குமா என்றாள். லீவு போட்டு அவளோடு நம் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இப்போதைய தலைமை ஆசிரியர் சின்ன வயதுக்காரர், மரியாதையானவர். எங்களுக்கு நாற்காலி போட்டு, பழைய பதிவேட்டை அவரே தூசி தட்டி எடுத்து வந்தார். பிறந்த தேதி இருந்தது. குறித்துக் கொடுத்தார். பக்கத்தை மூடப்போனபோது அவள், "கொஞ்சம் இருங்க சார்" என்று விரலை வைத்தாள்.

கடைசிக் கட்டத்தில் ஒரு வரி. நீல மையில், உருண்டை உருண்டையாக. அந்தக் கையெழுத்தை நம்மில் யாருக்குத் தெரியாது? அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். சத்தமாகவே படித்தாள்.

"பெற்றோருக்குப் படிப்பில் விருப்பமில்லை. பெயர் நீக்கப்பட்டது."

அவள் இன்னொரு தடவை படித்தாள். பிறகு தலைமை ஆசிரியரைப் பார்த்து, "இது பொய்யி சார். இத அடிச்சிடுங்க" என்றாள்.

"பழைய ரிஜிஸ்டர்மா. நான் அதுல கை வெக்க முடியாது."

"அப்போ பக்கத்துல எழுதுங்க. டீச்சரு வூட்டாண்ட புள்ள பாக்கப் போச்சுன்னு எழுதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து கைப்பையை மூடினேன். எழுதுங்கள் என்று நானும் சொல்லியிருக்க வேண்டும். அவர் பேனாவை மூடி சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "முடியாதும்மா, மன்னிச்சுக்கோங்க" என்றார். அவர்மேல் தப்பு இல்லை.

பஸ்ஸுக்கு நடந்தோம். அவள் வேகமாக நடந்தாள், எனக்கு மூச்சு வாங்கியது. தன்னைப் பற்றி, போன வருஷங்களைப் பற்றி, டீச்சரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றபிறகு சொன்னாள்.

"எங்கம்மா செத்து ஆறு வருசம் ஆவுதுடி. சாவற வரிக்கும் டீச்சர ஒரு வார்த்த கொற சொன்னதில்ல. 'நான்தானே அனுப்பிச்சேன், நான்தானே அனுப்பிச்சேன்'னு தன்னியே திட்டிக்கினு இருந்துச்சு. அதப் போயி விருப்பமில்லன்னு எழுதி வெச்சிக்கீறாங்க. நாப்பத்தஞ்சு வருசமா அப்டியே கீது அந்தப் பொஸ்தவத்துல."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒனக்குதான் எழுத வருமே. எங்கனா எழுது."

அவள் பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டாள்.

அந்த வாரம்தான் நீங்கள் மலருக்கு எழுதக் கேட்டீர்கள். இதை முழுக்கப் போட மாட்டீர்கள் என்று தெரியும். பெரியவர் மனம் நோகும் என்பீர்கள், விழா நேரத்தில் இது எதற்கு என்பீர்கள். சரி. டீச்சரைப் பற்றி நான் எழுதியதை எல்லாம் எடுத்துவிடுங்கள். என் பெயரையும் எடுத்துவிடுங்கள். ஒரு ஓரத்தில் ஒரே ஒரு வரிக்கு மட்டும் இடம் விடுங்கள்: எதிர்வீட்டுக்காரியின் அம்மாவுக்குத் தன் மகள் படிக்க வேண்டும் என்று விருப்பம் இருந்தது.